மிளகு வறுவலும் சிவப்பு ஒயினும்

பிரான்ஸிலிருந்து வந்த சிவப்பு ஒயினுக்குத் தன் பலத்தில் ஏகப் பெருமை. மூன்று வகைத் திராட்சை கலந்த உடம்பு அல்லவா! விருந்து மேசையில் இருந்த அவித்த மீன், "அண்ணே, கொஞ்சம் மெல்ல வாங்க" என்று கெஞ்சியது. ஒயின் காதில் வாங்கவில்லை. விருந்தாளியின் வாய்க்குள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, மீனின் ருசியை இருந்த இடம் தெரியாமல் அடித்தது.

"ஜெயிச்சிட்டேன்!" என்று கூவியது.

விருந்தாளியோ முகத்தைச் சுளித்தார். "நாக்கெல்லாம் துவர்க்குதே! இதை எடுத்துடுங்க, எனக்குத் தண்ணி போதும்."

ஒயினுக்கு அப்போதுதான் உறைத்தது. திறந்த புட்டி இரண்டு நாளில் புளித்துப்போகும், அப்புறம் சாக்கடைதான். அந்த நேரம் பார்த்து, கொழுப்பு சொட்டச் சொட்ட ஆட்டுக்கறி மிளகு வறுவல் மேசைக்கு வந்தது.

"உன்னையும் அழிச்சிடுவேனோ?" என்று ஒயின் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"என்னையா?" வறுவல் விழுந்து விழுந்து சிரித்தது. "என் கொழுப்பை அடக்க ஆளில்லாமல்தான் நானே தவிக்கிறேன். முழு பலத்தோட வா, தம்பி!"

விருந்தாளி ஒரு துண்டு கறியை மென்றபடி, அரைமனதாக ஒரு மடக்கு ஒயின் குடித்தார். கண்ணை மூடினார். பிறகு, புட்டியை எடுக்க வந்தவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.