ஏறிப் போகும் கடல்

தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டு ஜன்னல் கம்பியில், சிக்னலுக்காகக் கட்டித் தொங்கவிட்ட செல்போனுக்குள் நவநீதன் சிரிக்கிறான். கீழே தகரப்பெட்டியின் மேல் ஜிஸ்மியின் லேப்டாப். அதன் ஜி.ஐ.எஸ். வரைபடத் திரையில், இருவரும் இரண்டு வருஷமாகச் சேர்ந்து வரையும், உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு நாடு. கிழக்கே சமவெளி, கீழே வடகரப்பதி என்ற ஊர்க்காரனான அவன் பொறுப்பு. மேற்கே மலையும் கடலும் அவள் பொறுப்பு. நேரில் இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. “ஏனுங்க ஜிஸ்மி, உங்க கடலு ஆயிரத்தைநூறு மீட்டர் ஒசரத்துல நிக்குதுங்க!” அவள் எண்ணைப் பார்க்கிறாள். பிறந்ததிலிருந்து அவள் வாழும் எஸ்டேட்டின் உயரம் அது. தரை அங்கிருந்துதான் தொடங்கும் என்று கை தானாக அடித்துவிட்டிருக்கிறது. காதுமடல் சுடுகிறது. பாலில்லாத கட்டன்சாயாவின் ஆவி படிந்து திரையில் மங்கிய கரையோரத்தைத் துப்பட்டா நுனியால் துடைக்கிறாள். வெளியே கொழுந்து மூட்டைகளோடு டிராக்டர் முனகிக்கொண்டு இறங்குகிறது. “நா இதுவர கடலப் பாத்ததே இல்லல்லா. நீங்களே கீழ எறக்கிருங்க.” அந்தப் பக்கம் மவுஸ் தட்டும் ஓசை மட்டும் கேட்கிறது. தன் கடல் இறங்கிப் போவதைப் பார்க்க மனமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஓசை நின்ற பிறகே திரையைப் பார்க்கிறாள். கடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவனுடைய சமவெளியிலிருந்து ஒரு புதிய ரோடு கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளாக மலையேறி, அவளுடைய கரையைத் தொடுகிறது. கரையில் சின்னதாக ஒரு பஸ் ஸ்டாப். “அங்கியே இருக்கட்டுங்க,” என்கிறான். “நான் ஏறி வந்துக்கறனுங்க.”