வெறும் டப்பா

என் வீட்டுக்காரருக்கு ஒரு பிடிவாதம். படம் முடிந்து, கடைசிப் பெயரும் ஓடி மறையும்வரை டிஸ்க்கை டப்பாவில் போடவே மாட்டார்.

“உங்க பேரு வரப்போகுதா என்ன?” என்று நான் எழுந்து போய்விடுவேன். அவர் அசையமாட்டார்.

அவர் காலமானபிறகு பிளேயரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று டிஸ்க்குகளை எல்லாம் பழைய படக் கடைக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்தார். ஒன்றை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

“உள்ள டிஸ்க் இல்லக்கா. வெறும் டப்பாவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?”

என் வீட்டுக்காரர் கடைசியாகப் பார்த்த படம். பாதி ஓடும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். டிஸ்க்கை எடுக்காமலே பிளேயரை இரும்புக்காரரிடம் போட்டிருக்கிறேன்.

“அது இருக்கட்டும் தம்பி. மத்ததை எடுத்துக்குங்க.”

நல்ல விலைதான் கொடுத்தார். வெறும் டப்பாவைக் கொண்டுவந்து காலி அலமாரியில் வைத்தேன்.

இன்று காலை தூசி தட்டும்போது அதற்குள் ஏதோ ஆடியது. திறந்தேன். டிஸ்க் இருந்தது.

இப்போதுதான் பிளேயரிலிருந்து எடுத்ததுபோல் சூடாக இருந்தது.