கறுப்பு உருண்டை

பெட்டிக்குள் விட்ட கை வெளியே வர மறுத்தது.

உள்ளே ஒரு பக்கம் வெள்ளை உருண்டைகள், மறுபக்கம் கறுப்பு. ஒன்றை எடுத்து நடுவில் உள்ள துளையில் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று எவருக்கும் தெரியாது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடும் ஃப்ரீமேசன் சபையின் வழக்கம் அது. ஒரே ஒரு கறுப்பு விழுந்தால் போதும், புதிதாகச் சேர வந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வந்திருப்பவன் ஏகாம்பரம், மில் முதலாளி. மாடிப்படிக்குக் கீழே காத்திருக்கிறான்.

கூட்டாளியைப் படகிலிருந்து தள்ளிக் கொன்றான் என்று அவன்மேல் வழக்கு. விசாரித்த ஜட்ஜ், இப்போது பெட்டிக்குள் கைவிட்டு நிற்கும் இவர்தான். பார்த்தேன் என்று சொல்லியிருந்த படகோட்டி, கூண்டில் ஏறியதும் பல்டி அடித்தான். வேறு சாட்சி இல்லை. விடுதலை செய்தார்.

தீர்ப்பை இங்கிலீஷில் வாசித்தார். செத்தவனின் மனைவி பின்னால் இருந்து எழுந்து அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். தண்டித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் தலையசைத்தார்.

அந்தக் கும்பிடு இன்றுவரை அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை.

வக்கீலாக இருந்தபோது கட்சிக்காரன் சொன்னதைப் பேசினார். சட்டசபையில் கட்சி சொன்னபோது கையைத் தூக்கினார். ஜட்ஜாகி, சாட்சிகள் சொன்னதை வைத்து எழுதினார். தன் மனசு சொன்னதைச் செய்ய இப்போதுதான் வழி கிடைத்திருக்கிறது. அதுவும் ஒரு மரப்பெட்டிக்குள்.

காரணம் எழுத வேண்டாம். அப்பீல் கிடையாது.

கறுப்பு உருண்டை விரல்களுக்குள் வந்துவிட்டது.

சற்று முன் ஏகாம்பரத்துக்குப் பரிந்து பேசியவர், நம் ஜட்ஜ் ஐயாவின் தீர்ப்பைவிட வேறு நற்சான்று வேண்டுமா என்று கேட்டிருந்தார். எல்லோரும் இவரைப் பார்த்து ஆமோதித்தார்கள்.

தன் தீர்ப்பைத் தானே மிதிப்பதா?

பெட்டியை ஏந்தி நின்றவர் செருமினார்.

கறுப்பை விட்டுவிட்டு வெள்ளையை எடுத்துப் போட்டார்.

சுற்று முடிந்து பெட்டியைத் திறந்தார்கள்.

வெள்ளைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு.

அப்பாடா என்றிருந்தது. உடனே வெட்கமாக இருந்தது. யாருக்கு அந்தத் துணிச்சல்?

படியிறங்கும்போது வக்கீல் ஞானாபரணம் பக்கத்தில் வந்தார். கோர்ட்டில் ஏகாம்பரத்துக்காக வாதாடி அவனை மீட்டவர். முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"கோர்ட்ல அவனுக்காக நின்னேன் சார். இங்க என்னால முடியல."

சொல்லிவிட்டு முன்னே இறங்கிப் போனார்.

ஜட்ஜ் படியிலேயே நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவன் கொன்றது இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. வாதாடிய அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

கீழே ஏகாம்பரத்திடம் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள். தன்னைக் கடந்து போன ஞானாபரணத்துக்கு அவன் பணிவாக ஒரு வணக்கம் வைத்தான்.

பிறகு நிமிர்ந்து இவரைப் பார்த்தான். கறுப்பைப் போட்டது நீதானே என்று கேட்கிற பார்வை. அத்தனை வெறுப்போடு அவரை யாரும் பார்த்ததில்லை.

இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது.

அவர் தலையசைத்தார், அன்று கோர்ட்டில் கைகூப்பியவளுக்கு அசைத்தது போலவே.