கிணற்றடியில் நிற்பவர்கள்

கோட்டையும் மந்திரவாதிகளும் நிறைந்த அந்த வீடியோ கேமைச் சுகந்தி தினமும் விளையாடுவாள். பார்வை மங்கத் தொடங்கியபோது, “கேம் ரொம்ப இருட்டா இருக்குங்க” என்றுதான் புருஷனிடம் சொன்னாள். தனபாலும் அதையே நம்ப விரும்பினான். விளையாட்டின் கோப்புகளைத் திறந்து முதலில் மழையை எடுத்தான், பிறகு மேகங்களை. போன வாரம் இரவையே எடுத்துவிட்டான். இருட்டினால்தான் கேமில் வரும் ஊர் ஜனங்கள் வீடு திரும்புவார்கள். அன்றிலிருந்து எல்லோரும் கிணற்றடியிலேயே நின்று, பேசியதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று திரை முழுக்க வெள்ளை. கோட்டை எது, வானம் எது என்று அவனுக்கே தெரியவில்லை, கண் கூசியது.

“இன்னும் கொஞ்சம் கூட்டுங்க.”

வெளிச்சத்தின் எண் உச்சத்தில் இருந்தது. அதற்கு மேல் கேம் ஏற்காது. அவள் காதில் விழும்படி கீபோர்டைச் சும்மா தட்டினான்.

“இப்போ?”

அவள் முகம் திரையைத் தேடித் திரும்பி, பக்கத்துச் சுவரில் போய் நின்றது.

“இப்போ நல்லாத் தெரியுது,” என்றாள் சுவரிடம். “போதும். பாவம், கிணத்தடியில எவ்வளவு நாளா பேசிக்கிட்டே இருக்காங்க. அவங்களைத் தூங்க விடுங்க.”