அளக்கும் பல்

கதிரேசனுக்குக் கட்டிய புதுப் பல், அவர் மெல்வதையும் பேசுவதையும் சிரிப்பதையும் அளந்து மருத்துவமனைக்குச் சொல்லிவிடும். ஒரு வாரம் கழித்து நர்ஸ் போன் செய்தாள்.

"சார் நல்லா மெல்லுறார். ஆனா வீட்டுல பேச்சும் இல்ல, சிரிப்பும் இல்ல. பல் உறுத்துது போல. கழட்டிடலாமா?"

"உறுத்தலெல்லாம் இல்லம்மா. கல்யாணம் ஆனதுலேருந்தே இப்படித்தான்" என்றாள் அவர் மனைவி செண்பகம்.

பக்கத்திலிருந்து இதைக் கேட்ட, முறுக்கு கடிக்கும் சுகத்தை இழக்க மனமில்லாத கதிரேசன் அன்றே பேசத் தொடங்கினார். ரசத்தைப் புகழ்ந்தார். மாடி வீட்டுக்காரரைப் போல நடந்து காட்டி, தானே சிரித்தார்.

"இதெல்லாம் பல்லுக்காகவா, எனக்காகவா?" என்று செண்பகம் சீண்டினாலும், தினமும் ரசம் வைத்தாள்.

மாதக் கடைசியில் நர்ஸ் மறுபடி அழைத்தாள். "முழு மார்க்! நாளையிலேருந்து அளக்குறத நிறுத்திடுறோம்மா."

செண்பகம் போனோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நிறுத்திக்கோ. ஆனா அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."