தர்மராஜ் சொன்னால் சரி

"நேத்து வந்ததும் வெத்தலை போட்ட வாயின்னுட்ட. அப்புறம் கொழம்பு காரம்னுட்ட. இன்னிக்காவது குடிச்சுப் பாத்துச் சொல்லுடா தர்மா. எந்த ஜாடி?"

சவரிமுத்து டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். தர்மராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அரியலூர் போகும் பதினோரு மணி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதை எப்படித் தாண்டுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

ஏலாக்குறிச்சியில் சவரிமுத்து வீட்டுப் பின்கட்டில் மூன்று பீங்கான் ஜாடிகள் வாயில் துணி கட்டி உட்கார்ந்திருந்தன. புதன்கிழமை அவன் மூத்த மகளுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் திருமண மந்திரிப்பு முடிந்ததும் பந்தலில் கேக் வெட்டி, சம்பந்தி வீட்டாருக்கு வைன் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்று அவனே பன்னீர் திராட்சை வாங்கி, ஒன்றில் பட்டை கிராம்பு, ஒன்றில் கோதுமை, ஒன்றில் வெறும் சர்க்கரை என்று மூன்று பக்குவத்தில் ஊறப் போட்டிருந்தான்.

"உன் வூட்டுல யாரும் குடிச்சுப் பாக்கலியா?" என்றான் தர்மராஜ்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் வாயில வைக்க மாட்டேன்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டா எம் பொண்டாட்டி மேரி. தெருவுல யாருக்காவது குடுத்து, அது நல்லால்லேன்னு வச்சுக்க, நான் செருப்பு மாட்டுறதுக்குள்ள சம்பந்தி வூட்டுக்குச் சேதி போயிடும். அதுக்குத்தான பூத்துக்குப் போயி உனக்குப் போன் போட்டேன்."

"நீயே பாத்து ஒண்ண எடுத்து வச்சிருக்கலாம்ல?"

"நாக்குன்னா உன் நாக்குடா. நான் சும்மா உனக்குத் துணைக்கு ஒரு வாய் குடிக்கிறேன்."

அப்படி ஒரு பெயர் தர்மராஜுக்கு இருந்தது உண்மைதான். அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் மில்லில் இருவரும் பன்னிரண்டு வருஷம் ஒன்றாக மூட்டை பிடித்தவர்கள். மத்தியானம் பத்துப் பேர் தூக்குவாளியைத் திறந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டு, எது யார் வீட்டுச் சாம்பார் என்று சொல்லிவிடுவான். செந்துறையில் அவன் தெருவில் ஒரு விசேஷம் என்றால், சமையல்காரர் அவனைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொன்ன பிறகுதான் அடுப்பை அணைப்பார்.

அதெல்லாம் போன வருஷம் வரை. ஒரு நாள் காபி வெந்நீர் மாதிரி இருந்தது. மறுநாள் கருவாட்டுக் குழம்பும் அப்படியே இருந்தது. இதுவரை பெண்டாட்டியிடம்கூட அவன் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மில்லை விட்டு நின்று ஊரோடு வந்துவிட்ட சிநேகிதன், ரெண்டு நாள் வந்து தங்கிட்டுப் போடா என்று ஆசையாகக் கூப்பிட்டபோது, என் நாக்கு போச்சுடா என்று போனில் எப்படிச் சொல்வது? எப்படியோ சமாளிக்கலாம் என்று பஸ் ஏறிவிட்டான். இப்போது உட்கார்ந்த இடத்தில் அடியில் முள் இருப்பது போல நெளிந்துகொண்டிருந்தான்.

முதல் ஜாடியிலிருந்து ஆளுக்கு அரை டம்ளர். வழி ஒன்றுதான் இருந்தது. குடிக்கும்போது சவரிமுத்து முகத்தைக் கவனிப்பது.

டம்ளரை வாயில் வைத்தபோது ரோட்டில் ஹாரன் அடித்தது. பஸ் போய்விட்டதோ என்று தர்மராஜ் முகம் சுளித்தான். நிமிர்ந்து பார்த்தால் சவரிமுத்து முகமும் சுளித்திருந்தது. சரி, இது தேறாது.

இரண்டாவது டம்ளரை விழுங்கும்போது வாசல் வழியே எட்டிப் பார்த்தான். ஹாரன் அடித்தது கொள்ளிடத்து மணல் லாரி. அப்பாடா என்று அவன் முகம் மலர்ந்தது. திரும்பினால் சவரிமுத்து கண்ணை மூடி நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாவதற்கு தர்மராஜ் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டான். சவரிமுத்து முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டாவதுதான்டா. ராஜா மாதிரி இருக்கு," என்றான் தர்மராஜ்.

சவரிமுத்து அவனை அப்படியே கட்டிக்கொண்டான். "எனக்கும் அதுதான்டா தோணுச்சு. நீ மின்னாடி பஸ்ஸுக்கு நட. ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு ஓடியாரேன்."

மேரி ஒரு பை முறுக்கைக் கையில் கொடுத்தாள். "நல்லாருக்குன்னு நீங்க சொன்னதுல இவுங்களுக்கு உசுரே வந்துடுச்சுண்ணே. புதன்கிழமை அண்ணியக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

பஸ் நிறுத்தத்தில் நின்றாலும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சவரிமுத்து ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தான்.

"சம்பந்திகிட்ட சொல்லப்போறேன்டா. இது தர்மராஜ் பாத்து எடுத்த வைனு, அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. அன்னிக்கு நீதான் உன் கையால எல்லாருக்கும் ஊத்தணும்."

தர்மராஜ் முறுக்குப் பையைக் கீழே வைத்தான். ஒரு பெண்ணின் கல்யாணப் பந்தலில் இந்தப் பொய் வேண்டாம்.

"சவரி, கோவிச்சுக்காத. எனக்கு ஒரு வருசமா நாக்குல ருசியே தெரியல. வெல்லமும் வெந்நீரும் ஒண்ணாத்தான் இருக்கு. உன் மொகத்தப் பாத்துத்தான் ரெண்டாவதுன்னு சொன்னேன். வூட்டுக்குப் போனதும் நீயே இன்னொரு தரம் மூணையும் குடிச்சுப் பாத்துடு."

பஸ் வந்து நின்றது. சவரிமுத்து பக்கத்து மதகுக் கட்டையில் மெதுவாக உட்கார்ந்தான்.

"மில்ல விட்டு நிக்கிறப்பவே எனக்கு நாக்கு செத்துப்போச்சுடா தர்மா. நான் உன் மொகத்தப் பாத்துத்தான் சப்புக் கொட்டினேன். மத்த ரெண்டு ஜாடியையும் இப்பத்தான் தென்னைக்கு ஊத்திட்டு வரேன்."