இருவர் நின்ற படம்

கல்லூரியில் இணையப் பக்கம் அமைக்கக் கற்றுத்தந்தபோது, மற்றவர்கள் பிரியாணிக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் பக்கம் செய்தார்கள். மதுமதி, போர்வெல் லாரி வேலைக்குப் போய்க் காணாமல் போன அண்ணன் சந்தோஷ்குமாருக்காகச் செய்தாள். அவன் தனியாக நிற்கும் படம் வீட்டில் இல்லை. இருவரும் நின்ற படத்தில் தன்னை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு ஏற்றினாள்.

"இதை நீயும் நானுந்தான் பார்க்கறோம், மது," என்றாள் தோழி தனப்பிரியா. வீட்டில் அம்மா சரியாகச் சாப்பிட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

ஒருநாள் மதியம், மேச்சேரி ஆட்டுச் சந்தையிலிருந்து ஒரு வியாபாரி இணையப் பக்கத்தில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். "ஏனுங்க, படத்துல இருக்கற தம்பி இங்க டீ குடிச்சிட்டிருக்குது. சட்டைகூட அதேதானுங்க."

"அவரை எங்கயும் உட்றாதீங்க. இப்பவே வாரேன்."

"எதுக்குங்க? ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு தங்கச்சி பக்கத்துலயே நிக்குதே."

அவனுக்கு வேறு தங்கை கிடையாது. "போனை அந்தப் புள்ளகிட்டக் குடுங்க," என்றாள்.

மறுமுனையில் பேசியது மதுமதியின் சொந்தக் குரல். "அண்ணனைக் கூட்டிட்டு வாரேன். நான் வர்றப்ப நீ அங்க இருக்கக் கூடாது. இருந்தா நாங்க வர மாட்டோம்."

பின்னால் அண்ணன் சிரிப்பது கேட்டது. அவன் சிரிப்பேதான்.

கல்லூரி வாசலில் நின்று, அண்ணன் வருவதை அம்மாவிடம் போனில் சொன்னாள் மதுமதி. அம்மா அழுது முடித்து, "எத்தனை பேருக்குச் சோறாக்கட்டும், சாமி?" என்று கேட்டாள்.

"நம்ம மூணு பேருக்குந்தாம்மா," என்று சொல்லிவிட்டு, ஊருக்கு எதிர்த்திசையில் போகும் பேருந்தில் ஏறினாள்.